உப்புக்குப் பழகிய மீன்

உப்பங்கழியில் தண்ணீர் வற்றத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆனதும் அவர்கள் இரண்டு பேரும் இறங்கிவிடுவார்கள். முன்னால் கொக்கு, பின்னால் அண்ணி. கொக்குக்குத் தொடை வரை வருகிற தண்ணீர் அண்ணிக்கு இடுப்பைத் தாண்டும். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் இருவரும் முட்டி போட்டு உட்கார்ந்து, கழுத்தளவு தண்ணீரில் நகர்ந்துகொண்டே, அடிச்சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பிடித்ததைப் போட ஆளுக்கொரு பிரம்புக் கூடை. அதன் கயிறு பல்லில் இருக்கும். கயிற்றைக் கடித்தபடியே பேசவும் சிரிக்கவும் சண்டை போடவும் பழகியிருந்தார்கள். அந்தப் பேச்சு வேறு யாருக்கும் விளங்காது.

அவர்களுடைய சொந்தப் பெயர்களை ஊர் மறந்து பல காலம் ஆயிற்று. நெடுநெடுவென்று வளர்ந்து, சேற்றில் காலை எடுத்து வைக்குமுன் ஒரு கணம் நின்று யோசித்து வைப்பவள் என்பதால் அவளுக்குக் கொக்கு என்று பெயர் வந்தது. அந்தக் கொக்கு வாய்க்கு வாய் ‘அண்ணி அண்ணி’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே மற்றவள், மீன் ஏலக்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லாருக்கும் அண்ணியாகிப் போனாள். அவளைவிடப் பத்து வயது மூத்த கிழவர்களும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணியின் புருஷன் படகுத் தச்சர். கொக்கு அவருடைய கூடப்பிறந்த தங்கை. நாற்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகாதவள். தச்சர் மட்டும் அவளை இன்னும் பாப்பா என்றுதான் அழைத்தார்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி சேற்றைக் கலக்கினால் இறால் பின்பக்கமாகத் துள்ளும். துள்ளுகிற இடத்தில் இன்னொருத்தியின் உள்ளங்கை காத்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாகக் கொக்கு கலக்க, அண்ணி பிடித்தாள். அண்ணி களைத்துப்போனால் இடம் மாறிக்கொண்டார்கள். அண்ணிக்குப் பிறந்த ஒரு மகனும் ஒரு மகளும் அத்தையின் இடுப்பில் வளர்ந்து, படித்து, வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். போனில் கூப்பிட்டால் முதலில் “அத்தையக் குடும்மா” என்பார்கள். அண்ணிக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு, கொஞ்சம் நிம்மதியும் உண்டு.

பள்ளத்தை முதலில் கண்டுபிடித்தது அண்ணியின் கைதான். எப்போதும் வழவழவென்று சரிந்து கிடக்கிற அடிச்சேற்றில், சோற்றுத் தட்டை வைத்து அழுத்தியதுபோல் ஒரு வட்டப் பள்ளம். பக்கத்திலேயே இன்னொன்று. நண்டு தோண்டுகிற வளை அப்படி இருக்காது. நாலாவது பள்ளத்தில் ஏதோ திமிறிக்கொண்டு அவள் மணிக்கட்டில் மோதியது. இரண்டு கையாலும் அமுக்கித் தூக்கினால், கருத்த, தட்டையான, முதுகெல்லாம் முள்ளாக ஒரு மீன்.

“ஜிலேபி,” என்றாள் கொக்கு. “குளத்து மீனாச்சே அண்ணி. இதுக்கு இங்க என்ன வேலை?”

கரைக்கு வந்து கூடையைக் கவிழ்த்தபோது இன்னொரு விசித்திரம். கொக்கு பிடித்த ஒரு மீன் வாயைத் திறந்தது. அதன் வாய்க்குள்ளிருந்து கடுகு போலக் கண்ணும் நூல் போல உடம்புமாக நூறு குஞ்சுகள் ஈரமணலில் கொட்டின. கொக்கு குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். தாய் குஞ்சுகளை வாயிலேயே வைத்துக் காக்கும் போலிருக்கிறது, அத்தனை நாளும் அது எதையாவது தின்னுமா, தின்றால் குஞ்சை விழுங்கிவிடாதா என்றெல்லாம் கேட்டாள். அண்ணிக்கு அதெல்லாம் தெரியாது. தின்கிற மீனாகத் தெரியவில்லை, குடும்பத்தோடு குடியேற வந்த மீனாகத் தெரிகிறது என்று மட்டும் சொன்னாள்.

அதற்கு முந்திய இரண்டு வருடமும் விட்டு விட்டுப் பேய்மழை. மேற்கே மேட்டு நிலத்தில் இருக்கிற குளங்களெல்லாம் நிரம்பி, உடைந்து, ஆற்றில் கலந்து, அந்தத் தண்ணீர் கழிக்கு வந்தது. கழித்தண்ணீர் உப்பு குறைந்து கிட்டத்தட்டக் குடிக்கிற தண்ணீராகவே ஆகிவிட்டிருந்தது. அதோடு வந்த மீன்தான் இது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். கோடை வரட்டும், உப்பு ஏறட்டும், ஒரே வாரத்தில் செத்து மிதக்கும் என்று ஏலக்காரர் அடித்துச் சொன்னார். கோடை வந்தது. கரையோரச் செடிகளின் இலையில் உப்புப் பூத்தது. கழியில் ஒரு மீன்கூட மிதக்கவில்லை. பள்ளங்கள்தான் கூடின. அவை இருந்த இடத்தில் இறால் இல்லை. மடவை மீன் கூட்டமும் வருவதைக் குறைத்துக்கொண்டது. கூடை நிறைய இறாலோடு கரையேறியவர்கள், கூடையின் அடியைக்கூட மூடாத இறாலோடு ஏறினார்கள். ஜிலேபியை ஏலக்காரர் காலால் ஓரமாகத் தள்ளினார். கடல்மீன் தின்று பழகிய ஊர். சேற்று வாடை அடிக்கிற மீனை இங்கே யார் வாங்குவார்கள்?

அண்ணி ஒருநாள் அதை வீட்டில் வறுத்துப் பார்த்தாள். தச்சர் ஒரு வாய் வைத்துவிட்டு, இழைப்புளித் தூளைத் தின்றால் இதைவிட ருசியாக இருக்கும் என்று சொல்லித் தட்டை நகர்த்தினார். கொக்கு மட்டும் முள்ளைப் பிரித்துப் பிரித்து முழுதும் தின்றாள். பிடித்தது நாம்தானே என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் குளத்துக்காரர் வந்தார். ஒரு பழைய மொபெட்டில், பின்னால் நீல நிற பிளாஸ்டிக் டிரம் கட்டிக்கொண்டு, கழிக்கரையில் வந்து இறங்கினார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மேற்கே பஸ்ஸில் போனால் ஒரு மணி நேர தூரத்தில் மூன்று குளம் வைத்து மீன் வளர்ப்பவர். மனைவி இறந்து ஆறு வருடம். இந்த விவரமெல்லாம் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்ததே தவிர, முதல் நாள் அவர் தன்னைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உப்புத் தண்ணீரில் ஜிலேபி கிடைக்கிறது என்று கேள்விப்பட்டேன், நம்ப முடியவில்லை, அதனால் பார்க்க வந்தேன் என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, கழித்தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்தார். முகம் கோணிப்போயிற்று.

“இவ்வளவு உப்புலயா உசுரோட இருக்கு?”

“நாங்களும் இதுலதான் உசுரோட இருக்கோம்,” என்றாள் கொக்கு.

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. அதுதான் சரி என்பதுபோல் தலையை ஆட்டினார். கூடையில் கிடந்த மீன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிச் செவுளைப் பார்த்தார். பிடித்த உடனே சமைத்தால் சேற்று வாடை அடிக்கும், நல்ல தண்ணீரில் இரண்டு நாள் உயிரோடு விட்டு வைத்தால் வாடை போய்விடும், எங்கள் பக்கத்துச் சந்தையில் இதைத் தேடி வாங்குவார்கள், நீங்கள் பிடித்தால் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னார். சொன்னபடியே செவ்வாயும் வெள்ளியும் டிரம்மோடு வந்தார்.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. பள்ளத்தைத் தேடிக் கைவிட்டு ஜிலேபி பிடிப்பதில் இருவரும் கெட்டிக்காரிகள் ஆனார்கள். அதோடு அண்ணி வேறு சிலதையும் கவனித்தாள். செவ்வாய், வெள்ளிகளில் கொக்கு தண்ணீரைவிட்டு ஏறியதும் நேரே வீட்டுக்குப் போகாமல், குழாயடியில் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நாற்பத்தாறு வருடமாக வாரிச் சுருட்டிக் கட்டிய முடிக்கு ஒரு வகிடு வந்தது. குளத்துக்காரரிடம் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். குளத்துத் தண்ணீர் கையில் எப்படி இருக்கும், அடியில் சேறா மணலா, வாயில் குஞ்சு வைத்திருக்கிற மீன் எத்தனை நாள் பட்டினி கிடக்கும் என்றெல்லாம் கேட்பாள். அவர் ஒரு கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்லி முடிப்பதற்குள் டிரம்மில் தண்ணீர் சூடாகிவிடும். பத்து நாளுக்குமேல் அது எதையும் தின்னாமல் கிடக்கும் என்று அவர் சொன்ன அன்று கொக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் மீனை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பாமல் நின்றார். பெருமழையில் தன்னுடைய பெரிய குளத்தின் கரையும் உடைந்தது என்றார். கழியின் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

“இங்க இருக்கிறது எல்லாம் என்னோடதுன்னு சொல்ல முடியாது. மேல நூறு குளம் இருக்கு. ஆனா என்னோடதும் இதுல இருக்கு. முதல் நாளே சொல்லியிருக்கணும். உங்க கூடையைப் பாத்ததும் வாய் வரல.”

கொக்கு டிரம்மின் கயிறு அவிழ்ந்திருக்கிறது, இழுத்துக் கட்டுங்கள் என்று சொல்லிக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குளத்துக்காரர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பையில் பழத்தோடு வீட்டுக்கே வந்தார். வீடு என்றால் இரண்டு அறை. முன்னறையில் தச்சரின் கருவிகள் பாதி இடத்தை அடைத்துக் கிடக்கும். உளிகளுக்கு நடுவில் ஒரு நாற்காலியை ஒழித்துக் கொடுத்தார்கள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல், உங்கள் தங்கைக்குச் சம்மதம் என்றால் எனக்கும் சம்மதம், இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது, ஆர்ப்பாட்டம் எதுவும் வேண்டாம், பதிவு செய்துகொண்டால் போதும் என்றார். குளக்கரை உடைந்த கதையையும் தச்சரிடம் மறைக்காமல் சொன்னார். அதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று உள்ளறையில் நின்ற அண்ணி நினைத்தாள்.

தச்சர் சத்தம் போடுகிறவர் அல்ல. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார்.

“என் பெண்டாட்டியும் தங்கச்சியும் இருபத்திரண்டு வருஷம் அந்தக் கழியில முட்டி தேய்ச்சு இந்த வீட்டை நிமித்தினாங்க. அதுல இப்ப இறால் இல்ல. உங்க மீன்தான் இருக்கு. கழியையும் எடுத்துக்கிட்டீங்க, பாப்பாவையும் கேக்கறீங்க.”

குளத்துக்காரர் எழுந்து, கும்பிட்டுவிட்டு வெளியே போனார். பழப்பை நாற்காலியிலேயே இருந்தது. மொபெட் கிளம்புகிற சத்தம் கேட்டது. கொக்கு கொல்லைப்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்து முடித்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள்.

மறுநாள் நீர் வற்றத்துக்கு எப்போதும்போல் இருவரும் இறங்கினார்கள். முன்னால் போகிற நெட்டை முதுகைப் பார்த்ததும் அண்ணியின் நெஞ்சில் ஏதோ இறங்கி உட்கார்ந்தது. அது நிம்மதி என்று தெரிந்தபோது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. கொக்கு போய்விட்டால் தண்ணீரில் யாரோடு இறங்குவது என்ற பயம் மூன்று மாதமாகவே அவளுக்குள் இருந்தது. அந்தப் பயம் புதிதும் அல்ல.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். அக்கரைக்கு ஆள் ஏற்றுகிற தோணிக்காரரின் அக்கா கொக்கைப் பெண் கேட்டு வந்தாள். தச்சர் பட்டறையில் இருந்தார். கொக்கு குழந்தைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போயிருந்தாள். வாசலில் வைத்தே அண்ணி பதில் சொல்லி அனுப்பினாள். அவளுக்குக் கல்யாணப் பேச்சே பிடிக்காது, எடுத்தாலே அழுவாள், நீங்கள் வேறு இடம் பாருங்கள் என்றாள். அப்போது மகனுக்குப் பன்னிரண்டு வயது, மகளுக்குப் பத்து. காலையில் தண்ணீருக்கு ஒரு துணை, மாலையில் பிள்ளைகளுக்கு ஒரு துணை என்று எல்லாம் கொக்குதான். தோணிக்காரர் அடுத்த மாதமே வேறொருத்தியைக் கட்டினார். விஷயம் வீட்டில் யாருக்கும் தெரியாது. அண்ணி அதைத் தன் வாயாலேயே புதைத்துவிட்டதாக நினைத்திருந்தாள்.

குளத்துக்காரர் அந்தச் செவ்வாய் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. பிடித்த ஜிலேபி கரையில் காய்ந்தது. மூன்றாவது வாரம் ஒரு காலையில் மேகம் மூடி, தண்ணீர் சில்லென்று கிடந்தது. கொக்கு ஒரு பள்ளத்தில் கைவிட்டுப் பெரிய மீனொன்றைத் தூக்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

ஏன் விட்டாய் என்று அண்ணி கேட்டாள்.

“யாருக்குப் பிடிக்க?” என்றாள் கொக்கு. குரலில் வருத்தம்கூட இல்லை. ஒரு தகவல்போலச் சொன்னாள்.

அண்ணி பல்லிலிருந்து கயிற்றை எடுத்தாள். கூடை மிதந்து விலகிப் போயிற்று. அதை அவள் பிடிக்கவில்லை.

“பாப்பா,” என்றாள். புருஷன் மட்டும் கூப்பிடுகிற பெயர் அவள் வாயில் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. “தோணிக்காரருக்காக உன்னைக் கேட்டு வந்தாங்க. பதினோரு வருஷம் ஆச்சு. உனக்குப் பிடிக்காதுன்னு நானே சொல்லி அனுப்பிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேக்கல. உங்க அண்ணன்கிட்டயும் சொல்லல. நீ போயிட்டா நான் எப்படித் தனியா இறங்குவேன்னு பயந்துட்டேன். அவ்வளவுதான் காரணம். வேற நல்ல காரணம் ஒண்ணும் இல்ல.”

கொக்கு அசையாமல் தண்ணீரில் நின்றாள். பிறகு மிதந்து போன அண்ணியின் கூடையை எட்டிப் பிடித்து, அவள் பக்கமாகத் தள்ளிவிட்டு, எதிர்க்கரைப் பக்கம் நகர்ந்து போனாள். நீர் ஏறுகிற வரை அங்கேயே தனியாகத் தடவினாள். இந்தப் பக்கம் அண்ணி கலக்கினாள், அவளே பிடிக்கவும் பார்த்தாள். இரண்டும் சேர்ந்து வரவில்லை.

நாலு நாள் வீட்டில் பேச்சு இல்லை. சோறு போடுகிற வேளையில் தட்டு வந்தது, தண்ணீர் வந்தது, கேட்டதற்கு ‘ம்’ என்று பதில் வந்தது. மகள் போனில் அத்தையைக் கேட்டபோது அத்தை நன்றாகச் சிரித்துப் பேசினாள். அதுதான் அண்ணிக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. தச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பட்டறையிலேயே அதிக நேரம் இருக்கத் தொடங்கினார்.

ஐந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீருக்குப் போக முடியவில்லை. இருவரும் உள்ளறையில் உட்கார்ந்து கூடைகளில் அறுந்துபோன பிரம்பை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொக்கு கூடையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

“அன்னைக்கு என்னைக் கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன் அண்ணி. பிள்ளைங்க சின்னது. விட்டுட்டுப் போக எனக்கு மனசு வந்திருக்காது.” பிரம்பை இழுத்து முடிச்சுப் போட்டாள். “ஆனா நான் சொல்லியிருக்கணும். என் வாயால வேண்டாம்னு சொல்லியிருந்தா, என்னையும் ஒருத்தர் கேட்டாங்கன்னு இத்தனை வருஷம் நினைச்சுக்கிட்டிருந்திருப்பேன்.”

அண்ணிக்கு அழுகை வந்தது. அழுதால் தேற்ற வேண்டிய வேலையும் இவளுக்கே வரும் என்று அடக்கிக்கொண்டாள்.

“இப்ப?” என்று மட்டும் கேட்டாள்.

“இப்ப நான் சொல்றேன். எனக்குப் போகணும்.”

மழை விட்டதும் அண்ணி பட்டறைக்குப் போனாள். தச்சர் ஒரு படகின் அடிப்பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோணிக்காரர் விஷயத்தை முதலில் சொன்னாள். தச்சர் கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். அவள் அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. அவள் மேலே பேசினாள். மழையில் குளம் உடைந்ததற்கு அந்தக் குளத்துக்காரர் என்ன செய்வார், மறைத்திருந்தால் நமக்குத் தெரிந்திருக்குமா, கழி கெட்டதற்கும் பாப்பா வாழ்வதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

தச்சர் வெகுநேரம் பஞ்சை விரலில் திரித்துக்கொண்டே இருந்தார்.

“மீனுக்காக மட்டும் சொல்லல நான்,” என்றார் கடைசியில். “அவ போயிட்டா என்னை அண்ணேன்னு கூப்பிட வீட்ல யார் இருக்கா?”

அண்ணிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நாம் இரண்டு பேரும் ஒரே திருட்டைத்தான் செய்திருக்கிறோம், நான் வாசலில் செய்தேன், நீங்கள் நாற்காலி போட்டுச் செய்தீர்கள் என்றாள். ஒரு தடவை போய் அவர் இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம், அப்புறமும் வேண்டாம் என்று தோன்றினால் பாப்பாவிடமே சொல்லுங்கள் என்றாள்.

அடுத்த ஞாயிறு இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். மூன்று குளம், ஒரு சின்ன வீடு, வீட்டுக்கு வெளியே வலை காயப்போடும் கம்பி. உள்ளே எல்லாம் ஒற்றை ஆளுக்கு வேண்டிய அளவில் இருந்தன. ஒரு தம்ளர், ஒரு தட்டு. குளத்துக்காரர் பக்கத்து வீட்டிலிருந்து தம்ளர் கடன் வாங்கி வந்து டீ கொடுத்தார். தச்சர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே குளக்கரையில் நடந்தார். புதிதாகக் கட்டிய கரையைக் காலால் மிதித்துப் பார்த்தார். தண்ணீர் வாய்க்காலுக்குப் போகிற மடைக்கு வந்ததும் நின்றார். குந்தி உட்கார்ந்து, அடைப்புப் பலகைக்கும் கல்லுக்கும் நடுவில் விரலை விட்டார்.

“இந்த இடுக்குல என் சுண்டுவிரல் போகுது. குஞ்சு போகாதா?”

“மூணு தடவை மாத்திட்டேங்க,” என்றார் குளத்துக்காரர். “வலையும் கட்டிப் பாத்தேன். தண்ணி அழுத்தத்துல பலகை வளைஞ்சிடுது.”

“வளையும். பச்சை மரம். யார் போட்டுக் குடுத்தா இதை?”

“நான்தான்.”

தச்சர் மடையின் அகலத்தைச் சாணால் அளந்துகொண்டார். மறுநாளிலிருந்து பட்டறையில் ஒரு பக்கம், படகுக்கென்று வருடக்கணக்கில் காயவைத்திருந்த பலகையை எடுத்து அறுக்கத் தொடங்கினார். யாருக்கு என்று அண்ணியும் கேட்கவில்லை, கொக்கும் கேட்கவில்லை. இரண்டு ஞாயிறு கழித்து, மூன்று பேருமாகக் கருவிப் பெட்டியையும் பலகைகளையும் பஸ்ஸின் மேலே ஏற்றிக்கொண்டு போனார்கள். தச்சர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பழைய பலகையைப் பிடுங்கி, நீளக் குழியாகக் காடி வெட்டிய சட்டத்தை மடையில் இறக்கி, அதில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கம்பி வலைச் சட்டங்களைச் சொருகினார். மோட்டார் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு வெளிப்பக்கம் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றார்கள். துணியில் ஒரு குஞ்சு விழவில்லை.

தச்சர் கரையேறி வேட்டியைப் பிழிந்தார்.

“மரம் எவ்வளவு நல்லதா இருந்தாலும் தண்ணியில கிடக்குது. வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து நான் பாக்கணும்,” என்றார் குளத்துக்காரரிடம். “சும்மா வந்து போக முடியாதில்ல. ஒரு உறவு இருக்கணும்.”

குளத்துக்காரருக்கு அது விளங்க வழக்கம்போல் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் கொக்கு வீட்டுக்குள் போய்த் துவட்டிக்கொள்ளத் துண்டு கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டாள்.

பதிவு அலுவலகத்தில் வேலை கால்மணி நேரத்தில் முடிந்தது. சாட்சிக் கையெழுத்தை அண்ணிதான் முதலில் போட்டாள். படித்துப் பார்த்துப் போடச் சொன்ன குமாஸ்தாவிடம், எல்லாம் தெரிந்துதான் போடுகிறேன் என்றாள். மகனும் மகளும் லீவு போட்டு வந்திருந்தார்கள். மகள் அத்தையின் கையைப் பிடித்தபடியே இருந்தாள். அந்தக் கையின் உள்பக்கம் சேற்றிலும் சிப்பியிலும் பட்டுப் பட்டுக் கீறலாகக் கிடந்தது. மொபெட்டின் பின்னால் ஒரு தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொக்கு உட்கார்ந்தபோது அவளுடைய நீண்ட கால்களுக்கு இடம் போதவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். வண்டி கிளம்புமுன் அவள் அண்ணியை அருகில் கூப்பிட்டுக் காதில் பேசினாள். வடகரைப் பக்கம் போக வேண்டாம், அங்கே சிப்பி கூர்மையாகக் கிடக்கிறது, தனியாக இருந்தால் இடுப்புக்குமேல் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்றாள்.

இரண்டு நாள் அண்ணி தண்ணீருக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் வற்றம் காலை ஏழு மணிக்கு. அந்த நேரத்துக்கு வீட்டில் உட்கார்ந்திருக்க உடம்பு ஒப்பவில்லை. தனியாக இறங்கினாள். இடுப்பளவோடு நின்று முட்டி போட்டாள். கலக்கினால் பிடிக்க முடியவில்லை, பிடிக்கக் காத்திருந்தால் கலக்க ஆள் இல்லை. பக்கவாட்டில் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்து, அங்கே வெறும் தண்ணீர் இருப்பதைப் பார்த்து நிறுத்தினாள். ஒரு மணி நேரத்தில் நாலு இறால்.

கரையில் யாரோ செருமினார்கள். திரும்பினால் தச்சர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு காலைச் சேற்றில் வைத்து அது எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்நாள் முழுதும் தண்ணீரில் போகிற மரத்தைச் செய்தவர், வேலைக்கென்று கழிக்குள் இறங்கியதே இல்லை. இன்றைக்குப் பட்டறையில் வேலை அதிகம் இல்லை என்றார். அது பொய் என்று அண்ணிக்குத் தெரியும். பாதி முடிந்த படகு அங்கே கிடக்கிறது.

அவர் தட்டுத் தடுமாறி, இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து, ஒருவழியாக அவளிடம் வந்து சேர்ந்தார்.

“எங்க நிக்கணும்?”

அவள் தன் இடப்பக்கத்தைக் காட்டினாள். அவர் முட்டி போட்டார். தாடைவரை தண்ணீர் வந்ததும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். கையை அடியில் விரித்து வைக்கச் சொன்னாள். மெதுவாக நகர்த்தச் சொன்னாள். கையில் என்ன தெரிகிறது என்று கேட்டாள்.

“சேறு,” என்றார்.

“இன்னும் கொஞ்சம் போங்க.”

கொஞ்ச தூரம் இருவரும் நகர்ந்தார்கள். உளியும் இழைப்புளியும் பிடித்த அந்தக் கை தண்ணீருக்கடியில் என்ன செய்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். திடீரென்று அவர் நின்றார். கண் விரிந்தது.

“ஒரு பள்ளம் இருக்கு. உள்ள ஏதோ அசையுது.”

“ரெண்டு கையையும் ரெண்டு பக்கமா கொண்டுபோய் மூடுங்க.”

அவர் மூடினார். தண்ணீர் கலங்கி மேலே குமிழ் வந்தது. அவர் தோள் ஒரு பக்கம் இழுபட்டது.

“குத்துது,” என்றார் தச்சர்.

“குத்தும். விட்டுடாதீங்க.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தார். அண்ணி தன் கூடையை அவர் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.